நேரம் தப்பிக் கேட்ட பொங்கல்: சென்னையில் வெளியே சாப்பிடுகிறவர்கள் செய்யும் தவறுகள்

ராத்திரி ஒன்பதரை மணிக்கு டிபன் கடையில் உட்கார்ந்து "ஒரு பொங்கல்" என்று கேட்கிற ஆள் எல்லார் கூட்டத்திலும் ஒருத்தர் இருப்பார். சப்ளையர் இல்லை என்று சொல்லிவிட்டால் தப்பித்தார். "இருக்கு சார்" என்றால்தான் யோசிக்க வேண்டும், எப்போது கிண்டியது, எத்தனை தடவை வெந்நீர் விட்டு இளக்கியது என்று. நம்மில் பலர் நல்ல கடைக்கே போய், அந்தக் கடை எதற்காக அடுப்பு மூட்டியிருக்கிறதோ அதை விட்டுவிட்டு வேறெதையோ கேட்டுவிட்டு, வெளியே வந்து "பேருதான் பெருசு" என்று புலம்புகிறோம்.

இந்த ஊரில் ஒவ்வொரு பண்டத்துக்கும் ஒரு பொழுது இருக்கிறது. பொங்கலும் வடையும் காலை பத்துக்குள். சாப்பாடு பன்னிரண்டிலிருந்து இரண்டரை வரை, மூன்று மணிக்குப் போனால் ரசம் இருக்கும், கூட்டு இருக்காது. பரோட்டா இருட்டினதும். மயிலாப்பூர் ராயர் மெஸ் மாதிரிச் சின்ன இடங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை நிதானமாகத் தூங்கி எழுந்து போகக்கூடாது. சௌகார்பேட்டையில் நெய் மணக்க ஊத்தப்பம் போடும் சீனா பாய் கடை சாயங்காலத்துக் கடை, காலையில் ஆட்டோ பிடித்துப் போனால் ஷட்டரைத்தான் பார்க்கலாம். பிரியாணிக்கு மதியம் தம் உடைக்கிற நேரம்தான் நேரம். மூன்றரைக்குப் போனால் அண்டாவின் அடியில் மசாலா ஒட்டிய சோறு கிடைக்கலாம் (எனக்கு அதுதான் பிடிக்கும், அது வேறு விஷயம்), ஆனால் கறித்துண்டு தேடித்தான் எடுக்க வேண்டும். கல்லாவில் "அடுத்த அண்டா எப்போண்ணே?" என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள். கேட்கத்தான் நமக்குக் கூச்சம்.

அப்புறம் மெனு கார்டு. பிரியாணிக் கடையில் பன்னிரண்டு பக்கத்துக்கு மெனு இருக்கிறது என்றால், அதில் பத்துப் பக்கம் வரிசையாகப் பெயர்கள், அவ்வளவுதான். நாலு பேர் போய் ஒரு பிரியாணி, ஒரு பனீர் பட்டர் மசாலா, ஒரு கோபி மஞ்சூரியன், குழந்தைக்கு நூடுல்ஸ் என்று சொன்னால், பிரியாணி அஞ்சு நிமிஷத்தில் வரும், மற்றவை ஒரே சிவப்புக் கலரில் முக்கால் மணி நேரம் கழித்து வரும், அதற்குள் பிரியாணிக்காரர் கை கழுவிவிட்டு வந்து செல்போன் பார்த்துக்கொண்டிருப்பார். திருவல்லிக்கேணி ரத்னா கஃபேயில் இட்லி முழுகச் சாம்பார் ஊற்றுவார்கள், அதற்காகவே ஜனங்கள் போகிறார்கள். என் நண்பன் ஒருவன் அங்கே போய்ச் சப்பாத்தி சாப்பிட்டுவிட்டு "சுமார்" என்றான். என்னத்தைச் சொல்வது? உட்கார்ந்ததும் கார்டைத் திறக்காமல் பக்கத்து மூன்று மேசைகளைப் பாருங்கள், மூன்றிலும் எது இருக்கிறதோ அதைச் சொல்லுங்கள். புது ஆட்கள் எல்லாரும் இதைச் செய்வதற்கு வெட்கப்படுகிறார்கள், அந்தக் கடையில் பத்து வருஷமாகச் சாப்பிடுகிறவர்கள் வெட்கப்படுவதில்லை.

அசைவ மெஸ்ஸுக்குப் போகிறவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. இது நான் பணம் கட்டிக் கற்றது. இலை போட்டு, சோறு வைத்து, மீன் குழம்பா கறிக் குழம்பா என்று கேட்டு ஊற்றி, ஒரு வாய் எடுக்கிற நேரம் பார்த்து ஒரு பெரிய தட்டு வரும். அதில் கிண்ணம் கிண்ணமாக வஞ்சிரம் வறுவல், எறா தொக்கு, சுறா புட்டு, நெத்திலி, காடை. கொண்டு வருகிறவர் விலை சொல்ல மாட்டார், "சூடா இருக்கு சார்" என்று மட்டும் சொல்வார். கையில் குழம்பு, எதிரே ஊரிலிருந்து வந்திருக்கிற மாமா, அவர் முன்னால் "எவ்வளவு?" என்று கேட்பதா என்று தயங்கி ரெண்டு வஞ்சிரம், ஒரு எறா, ஒரு புட்டு என்று இறக்கிவிட்டேன். மூன்று பேர் சாப்பாடு 450 ரூபாய், தட்டிலிருந்து இறங்கியது 1,060. கடைக்காரர் ஏமாற்றவில்லை, விலை சுவரில் எழுதியிருந்தது, என் முதுகுக்குப் பின்னால். மாமாதான் கை கழுவப் போகும்போது பார்த்துவிட்டு வந்து, "ஏம்ப்பா, வஞ்சிரம் ஒண்ணு 320-ஆ?" என்றார். இப்போதெல்லாம் தட்டு வந்ததும் விலையைக் கேட்டுவிட்டுத்தான் கை நீட்டுகிறேன். நண்டும் முழு மீனும் எடைக்கு ஏற்ற விலை என்றால் எடையையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

மீன் என்றதும் இன்னொன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது, மீன் இனப்பெருக்கக் காலத் தடை. அந்த நாட்களில் நாட்டுப் படகுகள் கொண்டு வருவது கொஞ்சம், மற்றபடி மேற்குக் கரையிலிருந்து ஐஸில் வரும். மே மாதம் பெரிய வஞ்சிரத் துண்டு கேட்டு அடம்பிடித்தால் கூடுதல் விலை கொடுத்துப் பழைய மீன் சாப்பிட நேரலாம். சங்கரா, நெத்திலி மாதிரி அன்றன்றைக்குக் கரைக்கு வருவதைக் கேட்டால் தேவலை.

சைவத்தில் இவ்வளவு சிக்கல் இல்லை. அளவுச் சாப்பாடா முழுச் சாப்பாடா என்று டோக்கன் வாங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். அளவுச் சாப்பாட்டில் உட்கார்ந்துகொண்டு இரண்டாம் சோறு கேட்டால் தனிக் காசு, முழுச் சாப்பாட்டில் ஒரு இலைக்கு ரெண்டு பேர் கை வைத்தால் முறைப்பார்கள். ஆந்திரா மெஸ்ஸில் பருப்புப் பொடியும் நெய்யும் பிசைந்து ஆரம்பிக்கிற சோற்றிலேயே வயிற்றை நிரப்பிவிடாதீர்கள். மேசையிலேயே கிரில் வைத்துத் தருகிற பஃபேயிலும் இதே கதைதான், மேசையில் இருக்கிற குட்டிக் கொடியைச் சாய்க்கிற வரை குச்சியில் கோத்த கோழியும் அன்னாசியும் வந்துகொண்டே இருக்கும், சாயங்காலமெல்லாம் பட்டினி கிடந்து போனவர் அதோடு சாய்ந்துவிடுவார். அங்கே சொல்கிற விலை பெரும்பாலும் வரிக்கு முந்தைய விலை என்பதையும் தலைக் கணக்குப் போடும்போது மறந்துவிடுகிறோம்.

பில்லைப் பார்க்காமல் காசு கொடுப்பது பெரிய தவறு, குறிப்பாகப் பத்துப் பேர் சேர்ந்து போகிற பிறந்தநாள் விருந்துகளில். ஏ.சி. இருந்தாலும் இல்லாவிட்டாலும் சாதாரண உணவகத்தில் ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான், பில்லில் இரண்டரை இரண்டரையாகப் பிரித்துப் போட்டிருக்கும். அறை வாடகை 7,500 ரூபாய்க்கு மேலே போகிற நட்சத்திர ஹோட்டலுக்குள் இருக்கும் உணவகம் என்றால் 18. இது தவிர "சர்வீஸ் சார்ஜ்" என்று பத்து சதவீதம் தானாக ஏறியிருந்தால் எடுக்கச் சொல்லலாம். 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அதைத் தானாகச் சேர்க்கக்கூடாது என்று வழிகாட்டுதல் கொடுத்தது, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அது சரி என்றது. மேனேஜரிடம் சத்தம் போட வேண்டியதில்லை, "இதை எடுத்துடுங்க" என்றால் போதும். மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. பரிமாறிய பையனுக்கு டிப்ஸ் கொடுக்க நினைத்தால் கையில் கொடுங்கள்.

ஆனால் ஒன்று, தண்ணீர் பாட்டிலுக்கு எம்.ஆர்.பி.-யைக் காட்டிச் சண்டை போட்டால் ஜெயிக்க முடியாது. உட்கார்ந்து சாப்பிடும் இடத்தில் அதைவிடக் கூட விற்கலாம் என்று 2017-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. "மினரலா, நார்மலா?" என்று கேட்கும்போதே "நார்மல்" என்று சொல்லிவிட வேண்டும். நண்பர்கள் முன்னால் மதிப்புக் குறைந்துவிடுமோ என்று எத்தனையோ பேர் "மினரல்" என்கிறார்கள்.

கடைசியாக, பார்சல். எல்லாவற்றையும் பார்சல் கட்டலாம் என்று நினைப்பதால் வீணாகிற பண்டங்களில் முதலிடம் அத்தோவுக்கு. பர்மாவிலிருந்து 1960-களில் திரும்பி வந்த தமிழர்கள் கொண்டு வந்தது, பர்மா பஜார் பக்கம் பீச் ஸ்டேஷன் எதிரே வண்டிகளில் கிடைக்கும். நூடுல்ஸ், கோஸ், வறுத்த வெங்காயம், புளித்தண்ணீர், மொறுமொறுப்புக்கு பேஜோ என்கிற பொரித்த பண்டத்தை நொறுக்கிப் போட்டுக் கையாலேயே பிசைந்து தருவார்கள். அதைக் கட்டிக்கொண்டு தாம்பரத்துக்கு ரயில் ஏறினால் வீட்டுக்குப் போகும்போது களி. அங்கேயே நின்று, மழை வந்தால் தலையில் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டாவது, சாப்பிட்டுவிடுங்கள். கூடவே வாழைத்தண்டு சூப்பு தருவார்கள், கிண்ணம் காலியானால் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.