பூவெடுக்கும் நேரத்தில் தக்காளி இலை மஞ்சளாகிறதா? ஹைட்ரோபோனிக்ஸ் ஆரம்பிப்பவர்களுக்கு

அறைக்குள் எல்.இ.டி. விளக்குப் போட்டு, மண்ணில்லாமல் பக்கெட்டில் உரம் கரைத்த தண்ணீரிலேயே (இதுதான் ஹைட்ரோபோனிக்ஸ்) வளர்க்கும் தக்காளி, பூங்கொத்து வரும்வரை பெரும்பாலும் தொல்லை தராது. பூ வந்ததும் அதன் பசி மாறுகிறது. பொட்டாசியமும் மெக்னீசியமும் நிறைய கேட்கும். குறையென்று ஏதாவது இருந்தால் அது இலையில் தெரிவது இப்போதுதான். மஞ்சளைப் பார்த்தவுடன் உரக்கடைக்கு ஓடாதீர்கள். கீழே சொல்லும் வரிசையில் பாருங்கள். மிளகாய்க்கும், நம் வேலூர்ப் பக்கத்து இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்கும்கூட ஏறக்குறைய இதே வரிசைதான். எல்லாம் ஒரே குடும்பத்துச் செடிகள்.

1. எந்த இலை என்று பாருங்கள்

நைட்ரஜன், பொட்டாசியம், மெக்னீசியம் மூன்றும் செடிக்குள் இடம் மாறக்கூடியவை. பற்றாக்குறை வந்தால் செடி கிழட்டு இலையிலிருந்து உருவி, பூவுக்கும் குருத்துக்கும் அனுப்பிவிடும். அதனால் மஞ்சள் கீழிருந்து தொடங்கும். இரும்பும் கால்சியமும் போன இடத்தில் உட்கார்ந்துவிடுபவை. அவை குறைந்தால் குருத்துதான் முதலில் காட்டும்.

கீழ் இலை முழுசும் ஒரே சீராக வெளிறினால் நைட்ரஜன். கீழ் இலையிலோ நடு இலையிலோ நரம்பு பச்சையாக நிற்க, இடையில் மட்டும் மஞ்சள் ஓடினால் மெக்னீசியம். அதே கோலம் குருத்து இலையில் வந்தால் இரும்பு. ஓரம் மட்டும் மஞ்சளாகிக் கருகினால் பொட்டாசியம் குறைவாகவோ, உப்பு கூடுதலாகவோ இருக்கலாம். அடியில் ஒன்றிரண்டு இலை பழுப்பது வயசுக் கோளாறு, அதைக் கிள்ளிப் போட்டுவிடலாம். விளக்குக்கு மிக அருகில் இருக்கும் உச்சி இலை மட்டும் வெளுத்திருந்தால் விளக்கை ஒரு சாண் உயர்த்திப் பாருங்கள்.

2. தண்ணீரை அளங்கள்

வேலூர்க்காரர்கள் அதிகம் கவனிக்க வேண்டியது இங்கேதான். சத்துவாச்சாரியோ காட்பாடியோ, போர் தண்ணீர் பல வீடுகளில் கடினத் தண்ணீர்தான். பக்கெட்டின் உட்புறம் வெள்ளையாகப் படிவதே சாட்சி. அதில் உள்ள பைகார்பனேட் என்ற உப்பு, கரைசலின் பி.எச்.-ஐ (அமிலமா காரமா என்று காட்டும் எண்) மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். தக்காளிக்கு வேண்டியது 5.5 முதல் 6.5 வரை. 7-ஐத் தாண்டினால் கரைசலில் இரும்பு இருந்தும் வேருக்குக் கிடைக்காது. அப்போது இன்னும் இரும்பு போடுவதில் பயனில்லை.

சரி, என்ன செய்யலாம்? உரம் கலப்பதற்கு முன் வெறும் தண்ணீரின் ஈ.சி.-யை (கரைந்த உப்பின் அளவைக் காட்டும் எண், மீட்டரில் mS/cm) ஒருமுறை குறித்துக்கொள்ளுங்கள். அதுவே 1-ஐத் தாண்டுகிறது என்றால் பாதி போர், பாதி ஆர்.ஓ. எனக் கலந்து பயன்படுத்துங்கள். உரம் கலந்த பிறகு மொத்த ஈ.சி. 2 முதல் 2.5 வரை இருந்தால் ஆரம்பிப்பவர்களுக்குப் போதும். பி.எச். குறைக்கப் பாஸ்பாரிக் அமிலம். கையுறை போட்டுக்கொண்டு, சொட்டுச் சொட்டாகத் தண்ணீரில் விட்டு, கலக்கி, கால் மணி நேரம் கழித்து அளங்கள். மறுநாள் காலையில் மறுபடி ஏறியிருந்தால் பயப்படாதீர்கள், அது பைகார்பனேட்டின் வேலை. திரும்ப இறக்குங்கள்.

முழுக்க ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுகிற வீட்டில் நோய் நேர் எதிரானது. அதில் கால்சியமும் இல்லை, மெக்னீசியமும் இல்லை. போர் தண்ணீரில் தானாக வந்ததை எல்லாம் நீங்கள்தான் போட வேண்டும். ஒரே தெருவில் இரண்டு வீட்டுச் செடி மஞ்சளானாலும் மருந்து வேறு என்பது இதனால்தான்.

3. வேரைத் தூக்கிப் பாருங்கள்

நெட் பாட்டை (செடி நிற்கும் ஓட்டைத் தொட்டியை) மெல்ல உயர்த்துங்கள். நல்ல வேர் வெள்ளையாகவோ இளம் பழுப்பாகவோ இருக்கும், இழுத்தால் தாங்கும். உரச் சாயம் ஏறிப் பழுப்பானாலும் உறுதியாக இருந்தால் பரவாயில்லை. விரலில் வழவழவென்று உரிந்து வந்து, சாக்கடை நாற்றம் அடித்தால் அது வேரழுகல். தண்ணீர் நிறைய இருந்தும் மதியத்தில் செடி துவண்டு, மொத்தமாக வெளிறும்.

காரணம் பெரும்பாலும் சூடு. 20 டிகிரித் தண்ணீர் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்ஸிஜன் பிடித்து வைக்கும், 30 டிகிரியில் அது ஏழரைக்கு இறங்கிவிடும். நம் ஊர் மே மாதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பக்கெட்டைத் தரையில் வையுங்கள், வெளிச்சம் புகாமல் மூடுங்கள், ஈரச் சாக்கைச் சுற்றுங்கள். ஐஸ் கட்டிய தண்ணீர் பாட்டிலை மூடியோடு உள்ளே மிதக்கவிடுவதும் நல்ல வழி. ஏர் பம்ப் மீன் தொட்டிக் கடையில் கிடைப்பதே போதும், ஆனால் கரண்ட் போகும் நேரத்துக்கு பேட்டரியில் ஓடுகிற ஒன்று கையிருப்பில் இருக்கட்டும்.

4. இலையின் அடிப்பக்கம்

வெள்ளைத் தாளை இலைக்குக் கீழே பிடித்து, இலையைத் தட்டுங்கள். விழுந்த தூசியில் ஏதாவது ஊர்ந்தால் சிலந்திப்பேன். மேலே ஊசி குத்தியதுபோல மஞ்சள் புள்ளிகள் இருப்பது அதன் வேலை. வறண்ட அறையில் நன்றாகப் பெருகும். அடிப்பக்கத்தை நீரால் பீய்ச்சிக் கழுவி, வேப்பெண்ணெய்க் கரைசலை விளக்கு அணைந்த பிறகு தெளியுங்கள். குருத்து இலை சிறுத்து, மேல்நோக்கிச் சுருண்டு, ஓரம் மஞ்சளானால் அது வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருட்டு வைரஸ். இதற்கு மருந்து கிடையாது. செடியைப் பிடுங்கிப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள், மற்றவை தப்பிக்கட்டும்.

5. இப்போதுதான் உரம்

மெக்னீசியம் குறை என்று உறுதியானால் எப்சம் உப்பு, அதாவது மெக்னீசியம் சல்பேட். 10 லிட்டருக்கு 1 கிராம் போட்டால் மெக்னீசியம் ஏறக்குறைய 10 பி.பி.எம். (லிட்டருக்கு 10 மில்லிகிராம்) கூடும். 20 லிட்டர் பக்கெட்டுக்கு 4 கிராமில் தொடங்கலாம். கால்சியம் நைட்ரேட் அடர்கரைசலோடு இதை நேராகக் கலந்துவிடாதீர்கள், ஜிப்சமாக உறைந்து அடியில் தங்கிவிடும். தனித்தனியாகக் கரைத்து, நிறைந்த தண்ணீரில் ஒவ்வொன்றாக ஊற்றுங்கள்.

பூவுக்கு நல்லது என்று உரக்கடையில் 0:52:34 (நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாஷ் சதவீதம்) என்ற உரம் கொடுப்பார்கள். கெட்ட உரமில்லை. ஆனால் அளவு மீறினால் பொட்டாசியம் கூடி, மெக்னீசியத்தை வேருக்குள் விடாமல் தடுக்கும். அதில் நைட்ரஜனும் சுழியம். பூக்காலத்தில் அதை மட்டுமே நம்பியிருக்கும் செடி அடியிலிருந்து மஞ்சளாவதில் ஆச்சரியமில்லை. தக்காளி காய்க்கும்போதும் வளர்ந்துகொண்டே இருக்கிற செடி, அதற்கு நைட்ரஜன் கடைசிவரை வேண்டும்.

இரும்புக்குச் செலேட் வடிவம் (இரும்பு கரைசலில் படியாமல் பிடித்து வைக்கும் சேர்மம்) வாங்குங்கள். பி.எச். அடிக்கடி 6.5-க்கு மேல் போகும் வீட்டில் ஈ.டி.டி.ஏ. வகை சரியாக நிற்காது, டி.டி.பி.ஏ. வகை கேளுங்கள்.

எதனால் என்று கடைசிவரை பிடிபடவில்லை என்றால், பழைய கரைசலை முழுதாகக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலப்பதே நல்லது. அதை விட்டுவிட்டு ஒரே நேரத்தில் மூன்று மாற்றம் செய்தால் எது வேலை செய்தது என்று தெரியாது.

மஞ்சளான இலை பழையபடி பச்சையாகும் என்று காத்திருக்காதீர்கள், பெரும்பாலும் ஆகாது. ஒரு வாரம் கழித்துப் புதிதாக விரியும் இலையைப் பாருங்கள். அது பச்சையாக வந்தால், கீழே மஞ்சளானவற்றைச் சுத்தமான கத்தரியால் வெட்டி எடுத்துவிடலாம்.