மலைக்கு முகாம் போகும் பிசியோதெரபி மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறினால் ஏற்காடு. அதையும் தாண்டி உள்ளே இருக்கும் மலையாளி பழங்குடி ஊர்களுக்கு நம் மாணவர்கள் முகாம் போவது நல்ல விஷயம். ஆனால் காலையில் போய் சாயங்காலம் இறங்கிவிடுகிற நாம் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று முன்பே யோசிக்காவிட்டால் கஷ்டப்படுவது நோயாளிதான்.

முதல் தவறு, எல்லாவற்றையும் நாமே செய்துவிட்டு வருவது. பக்கவாதம் வந்த பெரியவருக்கு மாணவர் அரை மணி நேரம் கை காலை நீட்டி மடக்கிவிடுகிறார். மறுநாள் காலையில் அவரைக் கட்டிலிலிருந்து எழுப்பப் போவது மனைவி. செயலிழந்த கையைப் பிடித்தோ, அக்குளில் கை கொடுத்தோ இழுத்துத்தான் எழுப்புவார். தோள்மூட்டு நிலையாக நிற்பதே பெரும்பாலும் சுற்றியுள்ள தசைகளால். அவை தளர்ந்திருக்கும்போது இழுத்தால் மூட்டு இறங்கிவிடலாம். அந்த வலி லேசில் போகாது.

அதனால் அந்த அரை மணியை மனைவிக்குக் கொடுங்கள். பெரியவர் கட்டில் விளிம்புக்கு நகர்ந்து உட்காரட்டும். இரண்டு பாதமும் தரையில் பதிந்து, முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இருக்கட்டும். அந்த அம்மா எதிரே நின்று, முதுகுப் பக்கமாகத் தோள்பட்டை எலும்பைப் பிடித்துக்கொண்டு, "முன்னாடி நல்லா குனிங்க" என்று சொல்லி, தலை கால் விரலுக்கு நேராக வந்த பிறகு எழுப்ப வேண்டும். ஒரு முறை செய்து காட்டுங்கள். அப்புறம் அந்த அம்மாவே செய்யட்டும், நீங்கள் விழாமல் பிடிக்க மட்டும் பக்கத்தில் நில்லுங்கள். தடுமாறாமல் அவருக்கு வரும்வரை அடுத்த வீட்டுக்குப் போக வேண்டாம். அன்றைக்கு மூன்று வீடுதான் பார்த்தோம் என்றாலும் சரி.

தொடர முடியாததைத் தொடங்குவது இதைவிடப் பெரிய தவறு. பாதம் உள்பக்கம் வளைந்து பிறந்த குழந்தையைப் பார்த்ததும் மாவுக்கட்டு போடக் கை துறுதுறுக்கும். இப்படிப்பட்ட பாதத்தை மாவுக்கட்டால் படிப்படியாக நேராக்கும் பொன்செட்டி முறையில் வாராவாரம் கட்டை மாற்ற வேண்டும், பெரும்பாலும் ஐந்தாறு தடவை. குதிகால் தசைநாணில் சிறு வெட்டும் தேவைப்படலாம். பிறகு முதல் 3 மாதம் நாளுக்கு 23 மணி நேரம் பிரேஸ் (பாதம் மறுபடி வளையாமல் பிடித்து வைக்கும் சாதனம்), அதன்பின் நான்கு வயது வரை தூங்கும்போது. முகாமில் போட்ட ஒற்றைக் கட்டால் ஒரு பயனும் இல்லை. சேலம் அரசு மருத்துவமனைக்கு எந்த நாளில், யாரோடு, எந்த பஸ்ஸில் போவது என்று தாயோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். அதுதான் சிகிச்சையின் தொடக்கம்.

காபித் தோட்டத்தில் தினக்கூலிக்குப் போகும் பெண்ணிடம், முழங்கால் வலிக்கு "ஒரு மாசம் மேடு ஏறாதீங்க" என்கிறார்கள் மாணவர்கள். அவர் வீடே மேட்டில்தான் இருக்கிறது! சுமையைப் பாதியாக்கி இரண்டு நடை நடக்கலாம், இறக்கத்தில் கம்பு ஊன்றலாம், சாப்பாட்டு இடைவேளையில் உட்கார்ந்தபடி காலை நீட்டித் தொடையை இறுக்கலாம். பழம் பறிக்கும் சீசனில் முகாமைச் சாயங்காலம் வையுங்கள். பகலில் அவர்கள் தோட்டத்தில் இருப்பார்கள்.

சக்கர நாற்காலியை அளவு பார்க்காமல் கொடுக்காதீர்கள். பெரியவர்களுக்கான நாற்காலியில் குழந்தை சரிந்து உட்காரும், படுக்கைப்புண் வரும். கேட்காமல் போட்டோ எடுக்கவே எடுக்காதீர்கள்.

இறங்கும் முன் கிராம சுகாதார செவிலியரைப் பாருங்கள். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருகிறார்கள். யாருக்கு என்ன கற்றுக்கொடுத்தீர்கள் என்பதைத் தமிழில் எழுதி அவரிடமும் வீட்டிலும் ஒரு பிரதி கொடுங்கள்.

நேபாளம், கம்போடியா என்று சேவைப் பயணம் போகிறவர்களுக்கும் இதெல்லாம் பொருந்தும். அங்கே மொழியும் தெரியாது என்பதால் இன்னும் கவனம் வேண்டும். சுற்றுலாவாகப் போக அனுமதி கிடைத்தால் சிகிச்சை தரவும் அனுமதி கிடைத்துவிட்டது என்று நினைக்காதீர்கள். அந்த நாட்டில் பதிவு பெற்ற பிசியோதெரபிஸ்ட் யார் உடன் இருப்பார், நீங்கள் திரும்பிய பின் அந்த நோயாளிகளை யார் பார்ப்பார் என்ற இரண்டு கேள்விக்கும், டிக்கெட் போடும் முன் ஏற்பாட்டாளரிடம் எழுத்தில் பதில் வாங்குங்கள்.