டாஸ் விளையாட்டுகளுக்கு ஒரு பழைய கம்ப்யூட்டர்: எந்த போர்டு, எந்த சவுண்ட் கார்டு?

விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளத்தை இன்றைய கணினியில் பாவனை செய்யும் டாஸ்பாக்ஸ் போட்டு லேப்டாப்பிலேயே ஆடினால் போதும் என்பவர்கள் அப்படியே ஆடலாம், அது அருமையான மென்பொருள். நிஜமான பழைய பெட்டியில், கனத்த குழாய் மானிட்டரில் ஆட ஆசைப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எதையும் வாங்கும் முன் ஆடப்போகும் விளையாட்டுகளையும் அவை வெளிவந்த ஆண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். 1993இன் டூம், 1996இன் குவேக், 1998இன் அன்ரியல் மூன்றும் ஒரே பெட்டியில் ஓடும். 1990இன் விங் கமாண்டர் தனி ரகம். பிராசசரின் வேகத்துக்கேற்பவே அது ஓடும், வேகமான பெட்டியில் எதிரிக் கப்பல் கண்ணில் படுவதற்குள் கதை முடிந்துவிடும். இதற்காக 386 என்ற பழைய, மெதுவான பிராசசரைத் தேடி அலைய வேண்டாம். பயாஸில் (பெட்டியை இயக்கியதும் திறக்கக்கூடிய அமைப்புத் திரை) இன்டர்னல் கேஷை, அதாவது பிராசசருக்குள் இருக்கும் வேக நினைவகத்தை, அணைத்துவிட்டால் பென்டியம் 3கூட 386 பக்கம் இறங்கி வந்துவிடும்.

மதர்போர்டில் என் தேர்வு ஒன்றே ஒன்றுதான்: 1998இல் வந்த இன்டெல் 440பிஎக்ஸ் சிப்செட் (போர்டின் பாகங்களை இணைக்கும் சில்லுகள்) உள்ளது. டாஸ் சவுண்ட் கார்டுக்கு வேண்டிய ஐஎஸ்ஏ ஸ்லாட்டும், கிராபிக்ஸ் கார்டுக்கு வேண்டிய ஏஜிபி ஸ்லாட்டும் சேர்ந்து கிடைப்பது இந்தக் காலத்து போர்டுகளில்தான். கடைக்காரர் என்ன சொன்னாலும் கண்ணால் பாருங்கள். வெள்ளை ஸ்லாட்டுகள் பிசிஐ. அவற்றைவிட நீளமாகக் கறுப்பாக இருப்பது ஐஎஸ்ஏ. அது இல்லையென்றால் போர்டு எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருக்கிறதா என்றும் பாருங்கள். தட்டையாக இருக்க வேண்டும்.

பிராசசர், ஸ்லாட் 1 வகை பென்டியம் 3, 450 அல்லது 500 மெகாஹெர்ட்ஸ். ரேம் 128 எம்பி தாராளம். விண்டோஸ் 98இல் 512 எம்பிக்கு மேல் போனால் தொல்லைதான் மிச்சம். கிராபிக்ஸுக்கு வூடூ 3 கிடைத்தால் யோசிக்காதீர்கள். அந்தக் கால விளையாட்டுகள் பலவும் வூடூவைத் தயாரித்த 3டிஎஃப்எக்ஸின் கிளைடு என்ற கிராபிக்ஸ் மென்பொருளுக்காகவே மெருகேற்றப்பட்டவை. விலை கட்டுப்படியாகாவிட்டால் என்விடியாவின் டிஎன்டி2 கார்டு போதும்.

இப்போது சவுண்ட் கார்டு. என்னைப் பாடாய்ப் படுத்தியது இதுதான், அதனால் நிதானமாகவே சொல்கிறேன்.

எல்லோரும் சவுண்ட் பிளாஸ்டர் 16 என்பார்கள். நான் யமஹா ஒய்எம்எஃப்719 சில்லு உள்ள ஐஎஸ்ஏ கார்டைத்தான் சொல்வேன். டாஸ் விளையாட்டுகளின் இசையை உண்டாக்கும் அசல் ஓபிஎல்3 உள்ளேயே இருக்கிறது, இரைச்சல் குறைவு, விலையும் குறைவு. சவுண்ட் பிளாஸ்டர் புரோ போல நடந்துகொள்ளும், டாஸ் விளையாட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு அது போதும்.

கார்டைச் செருகி டூமை ஓட்டினேன். இசை கணீரென்று வந்தது. சுட்டால் சத்தமே இல்லை. கார்டு பழுது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் இசையை உண்டாக்கும் ஓபிஎல் சில்லுக்கு ஐஆர்க்யூ (கார்டு பிராசசரை அழைக்கும் எண்ணிட்ட தடம்) தேவையில்லை. துப்பாக்கிச் சத்தம், கதவுச் சத்தம் போன்ற பதிவுசெய்த ஒலிகளுக்குத்தான் ஐஆர்க்யூவும் டிஎம்ஏவும் (பிராசசர் இல்லாமலே நினைவகத்திலிருந்து தரவு வரும் வழி) வேண்டும். ஆக, இசை மட்டும் வந்தால் கார்டு நலம், அமைப்பில்தான் கோளாறு. என் பெட்டியில் பிசிஐ நெட்வொர்க் கார்டு, சவுண்ட் கார்டுக்கு வேண்டிய ஐஆர்க்யூ 5ஐ பிடித்து வைத்திருந்தது.

தீர்வு இதுதான். பயாஸில் பிஎன்பி/பிசிஐ பக்கத்துக்குப் போங்கள். ஐஆர்க்யூ 5, டிஎம்ஏ 1 இரண்டையும் 'லெகசி ஐஎஸ்ஏ' என்று மாற்றிச் சேமியுங்கள். பிசிஐ கார்டுகள் வேறு எண்ணுக்கு நகர்ந்துவிடும். அப்புறம் டாஸ் தொடங்கும்போது தானே ஓடும் ஆட்டோஎக்ஸெக் கோப்பில் பிளாஸ்டர் மாறிக்கு போர்ட் 220, ஐஆர்க்யூ 5, டிஎம்ஏ 1 என்று கொடுத்து, அடுத்த வரியில் யூனிசவுண்ட் என்ற சிறு நிரலை ஓடவிடுங்கள். அந்த எண்களைப் படித்து கார்டை அமைத்துவிட்டு அது விலகிக்கொள்ளும். டாஸ் விளையாட்டுகளுக்குக் கிடைக்கும் 640 கேபி நினைவகத்தில் துளிகூட எடுக்காது. அதற்காகவே எனக்கு அது பிடிக்கும். கடைசியாக விளையாட்டின் செட்டப்பிலும் அதே மூன்று எண்கள்தான் இருக்க வேண்டும். சத்தத்தின் ஒரு துண்டு மட்டும் திரும்பத் திரும்ப ஒலித்தால், அனேகமாக அங்கே ஐஆர்க்யூ தப்பு.

ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக ஐடிஇ அடாப்டரில் ஒரு 16 ஜிபி காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டு. சத்தம் இல்லை, சூடும் இல்லை. அக்காலத்து பயாஸ்கள் பல 32 ஜிபிக்கு மேல் கண்டால் உறைந்துவிடும் என்பதால்தான் இந்த அளவு.

பிற்சேர்க்கை: இதைப் பார்த்துச் செய்த சிலருக்கு விண்டோஸ் 98 நிறுவியதும் கறுப்புத் திரையில் கர்சர் மட்டும் மினுக்கி நின்றிருக்கிறது. ஃபிளாஷ் கார்டில் முன்பே இருக்கும் பூட் பகுதியை, வட்டைப் பிரிக்கும் எஃப்டிஸ்க் நிரல் தானாக மாற்றாது. பூட் ஃபிளாப்பியில் ஏறி, எஃப்டிஸ்க் என்று அடித்து ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடும் எம்பிஆரும் சேர்த்துக் கொடுங்கள். சரியாகிவிடும்.

இன்னொருவருக்கு 256 எம்பி ரேம் 128ஆகத் தெரிந்தது. 440பிஎக்ஸுக்கு அடர்த்தி மிகுந்த சில்லுகள் புரியாது. 256 எம்பி போட்டே தீர வேண்டுமானால் இரு பக்கமும் சேர்த்து 16 சில்லு உள்ள குச்சியாகப் பார்த்து வாங்குங்கள்.

அமெரிக்காவிலிருந்து வந்த பெட்டி என்றால் பவர் சப்ளையின் பின்னால் சிவப்பு சுவிட்ச் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 115இல் இருந்தால் 230க்குத் தள்ளிவிட்டுத்தான் நம் ஊர் பிளக்கில் செருக வேண்டும்.