கடைசி இடம் யாருக்கு? இ-ஸ்போர்ட்ஸ் இடப் பங்கீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இ-ஸ்போர்ட்ஸ் எனப்படும் வீடியோ கேம் போட்டிகளில், எந்தப் பிராந்தியத்திலிருந்து எத்தனை அணிகள் உலகப் போட்டிக்கு வரலாம் என்ற இடப் பங்கீடு அறிவிக்கப்பட்டதும் சண்டை தொடங்கிவிடுகிறது. அவர்களுக்கு நான்கு, எங்களுக்கு இரண்டுதானா என்று ஒரு தரப்பு கேட்கும். மறு தரப்பு தன் பிராந்தியம் வென்ற கோப்பைகளை எண்ணிக் காட்டும். பங்கீட்டில் நடக்கும் முதல் தவறே இந்த எண்ணிக்கைதான். சாம்பியன் அணி எந்தப் பங்கீட்டிலும் உள்ளே வந்துவிடும். ஒரு பிராந்தியத்துக்கு மூன்று இடமா நான்கு இடமா என்று முடிவு செய்யும்போது எடைபோட வேண்டியது அதன் நான்காம் அணியை. அதே இடத்துக்குக் காத்திருக்கும் வேறொரு பிராந்தியத்தின் மூன்றாம் அணியை அது வெல்லுமா என்பதுதான் கேள்வி.

லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் என்ற விளையாட்டின் உலகப் போட்டியில் இதற்கு நல்ல சான்று இருக்கிறது. 2022-இல் கொரியாவின் நான்காம் அணியாக வந்த டிஆர்எக்ஸ், ஆரம்பச் சுற்றிலிருந்து விளையாடத் தொடங்கி, சான் பிரான்சிஸ்கோவில் நடந்த இறுதியில் இன்னொரு கொரிய அணியான டி1-ஐ 3-2 என்று வீழ்த்தியது. 2025-இல் அதே டி1 கொரியாவின் நான்காம் அணியாக வந்து, சீனாவின் நான்காம் அணியான இன்விக்டஸ் கேமிங்கோடு ஒரே ஒரு தொடரில் மோதித்தான் உள்ளே நுழைந்தது. செங்டுவில் கோப்பையும் அதற்கே கிடைத்தது. கொரியாவின் நான்காம் இடம் நியாயமானதா என்ற கேள்விக்கு இந்த இரண்டும் நேரடியான விடைகள். மாறாக, வாலரண்ட் என்ற இன்னொரு விளையாட்டின் உலகப் போட்டியான 2024 வாலரண்ட் சாம்பியன்ஸை சீனாவின் எட்வர்ட் கேமிங் வென்றது சீனாவின் முதல் அணியைப் பற்றி நிறையச் சொல்கிறது, நான்காம் அணியைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

ஒரே ஒரு தொடர் வைத்துத் தீர்மானித்தால் போதுமா என்றால், போதாது. இங்கே இரண்டாவது தவறு வருகிறது: சில ஆட்டங்களைப் பார்த்துவிட்டு ஒரு பிராந்தியத்தையே தூக்கி வைப்பது அல்லது ஒதுக்கிவிடுவது. ஓர் ஆட்டத்தில் வெல்ல 35 சதவீத வாய்ப்பு மட்டுமே உள்ள ஓர் அணியை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று ஆட்டத் தொடரில் அதன் வாய்ப்பு சுமார் 28 சதவீதமாகவும், ஐந்து ஆட்டத் தொடரில் 23.5 சதவீதமாகவும் குறையும். அதாவது ஐந்து ஆட்டங்கள் வைத்தாலும், ஏறக்குறைய நான்கில் ஒரு முறை பலவீனமான அணியே வெல்லும். 2016 லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் உலகப் போட்டியில், ரஷ்ய மொழி பேசும் பிராந்தியத்திலிருந்து வந்த ஆல்பஸ் நாக்ஸ் லூனா, ஒற்றை ஆட்டங்களாக நடந்த குழுச் சுற்றில் ஆறில் நான்கை வென்று, சிறு பிராந்தியம் ஒன்றிலிருந்து காலிறுதிக்கு வந்த முதல் அணியானது. ஐந்து ஆட்டக் காலிறுதியில் ஐரோப்பாவின் எச்2கே அணி அதை 3-0 என்று அனுப்பிவைத்தது. அந்தக் குழுச் சுற்றை மட்டும் பார்த்தவர் அந்தப் பிராந்தியத்துக்கு இன்னோர் இடம் கேட்டிருப்பார். காலிறுதியை மட்டும் பார்த்தவர் இருந்த இடத்தையும் பிடுங்கியிருப்பார். இருவரின் பேச்சையும் கேட்கக் கூடாது. ஐரோப்பியக் கால்பந்து தன் லீக்குகளுக்கு இடம் ஒதுக்க ஐந்து பருவங்களின் கணக்கை எடுக்கிறது. இ-ஸ்போர்ட்ஸில் வீரர்களும் அணிகளும் வேகமாக மாறிவிடுவதால் ஐந்து ஆண்டு நீளம் என்று நினைக்கிறேன். இரண்டு அல்லது மூன்று ஆண்டு, அதிலும் அண்மை ஆண்டுக்குக் கூடுதல் எடை என்பது பொருந்தும்.

அடுத்த தவறுதான் எனக்கு மிகவும் எரிச்சலூட்டுவது. ஒரு பிராந்தியத்துக்குள்ளேயே ஈட்டிய புள்ளிகளை வேறொரு பிராந்தியத்தின் புள்ளிகளோடு ஒப்பிடுவது. எட்டு அணிகள் தங்களுக்குள் மட்டும் மோதிக்கொண்டால் யாரோ ஒருவர் முதலிடம் பிடித்துத்தான் ஆக வேண்டும். அந்த எட்டும் உலகத் தரமா உள்ளூர்த் தரமா என்பது புள்ளிப் பட்டியலுக்குத் தெரியாது. பிராந்தியங்களுக்கு இடையே நேரடி மோதல் இருந்தால் மட்டுமே அந்தப் புள்ளிகளுக்கு ஒரு பொது மதிப்பு உண்டாகும்.

டோட்டா 2 என்ற விளையாட்டு இதைக் கண்ணெதிரே காட்டியது. 2021 முதல் 2023 வரை ஆறு பிராந்திய லீக்குகள் நடந்தன. ஒவ்வொன்றிலும் முதலிடத்துக்கு ஒரே அளவு புள்ளி. 2022-இல் சிங்கப்பூரில் முடிந்த அதன் உலகப் போட்டியான தி இன்டர்நேஷனலுக்கு 20 அணிகள். 12 அணிகள் பருவப் புள்ளி அடிப்படையில், 6 அணிகள் பிராந்தியத்துக்கு ஒன்று வீதம் தகுதிச்சுற்று வழியாக. மிச்சம் இருந்த 2 இடங்களுக்கு, தகுதிச்சுற்றுகளில் இரண்டாம், மூன்றாம் இடம் பிடித்த 12 அணிகளைக் கடைசி வாய்ப்புச் சுற்று ஒன்றில் மோதவிட்டார்கள். மேற்கு ஐரோப்பாவின் தகுதிச்சுற்றை வென்றது என்டிட்டி அணி. அதில் தோற்ற சீக்ரெட், லிக்விட் இரண்டும் கடைசி வாய்ப்புச் சுற்றுக்குப் போயின. இருந்த இரண்டு இடங்களையும் அந்த இரண்டு அணிகளே எடுத்துக்கொண்டன. சீக்ரெட் இறுதிவரை போய் அதே பிராந்தியத்தின் டண்ட்ராவிடம் தோற்றது. லிக்விடுக்கு மூன்றாம் இடம். முதல் மூன்று அணிகளும் மேற்கு ஐரோப்பா! பிராந்தியத்துக்கு ஒன்று என்ற சம பங்கோடு நிறுத்தியிருந்தால் உலகின் இரண்டாம், மூன்றாம் அணிகள் வீட்டிலிருந்தே போட்டியைப் பார்த்திருக்கும். அந்த இரண்டு திறந்த இடங்கள்தான் பங்கீட்டின் பிழையைத் தாமாகவே திருத்தின. 16 அணிப் போட்டி என்றாலும் 2 இடங்களையாவது இப்படித் திறந்து வைப்பது நல்லது என்று இதனால்தான் சொல்கிறேன்.

அப்படியானால் சமப் பங்கு எப்போதும் தவறா? இல்லை. 2024 வாலரண்ட் சாம்பியன்ஸ் போட்டியில் நான்கு பிராந்தியங்களுக்கும் நான்கு நான்கு இடங்கள். உலகம் முழுக்க விளையாட்டைப் பரப்புவது நோக்கமென்றால் அது நேர்மையான ஏற்பாடு. உலகின் மிகச் சிறந்த 16 அணிகள் என்று விளம்பரம் செய்துவிட்டு, பார்வையாளர் எண்ணிக்கையையோ விற்பனையையோ பார்த்து இடம் கொடுப்பதுதான் ஏமாற்று. திறனுக்கு இத்தனை இடம், பரவலுக்கு இத்தனை இடம் என்று பிரித்து எழுதிவிட்டால் பாதிச் சண்டை ஓய்ந்துவிடும்.

சிறு பிராந்தியத்துக்கு ஓர் இடம்கூடத் தராமல் விடுவது இன்னொரு வகைப் பொறி. அழைக்கப்படாத பிராந்தியம் வெளியாரோடு மோத முடியாது. மோதாததால் அதன் மதிப்பு ஏறாது. மதிப்பு ஏறாததால் மறுபடியும் அழைப்பு வராது. 2017-இல் வியட்நாமின் கிகாபைட் மரைன்ஸ் லீக் ஆஃப் லெஜண்ட்ஸின் நடுப்பருவச் சர்வதேசப் போட்டியில் நன்றாக ஆடியதால்தான் தென்கிழக்கு ஆசியாவின் முதல் அணி அவ்வாண்டு உலகப் போட்டியின் குழுச் சுற்றுக்கு நேராகப் போக முடிந்தது. கவுன்டர்-ஸ்ட்ரைக் என்ற விளையாட்டில் மேஜர் என்பது மிகப் பெரிய உலகப் போட்டி. 2022 ஆன்ட்வெர்ப் மேஜருக்கு வந்த 24 அணிகளில் ஆசிய-பசிபிக்குக்குக் கிடைத்தவை 2 மட்டுமே. மூன்றே ஆண்டுகளில், 2025 ஆஸ்டின் மேஜரின் இறுதியில் மங்கோலியாவின் தி மங்கோல்ஸ் நின்றது. கதவை அடைத்திருந்தால் அப்படி ஓர் அணி வளர்ந்திருப்பதே நமக்குத் தெரிந்திருக்காது.

இடம் பிராந்தியத்துக்கு என்றால், பிராந்தியம் எது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2014-இல் எல்எம்க்யூ என்ற அணி வட அமெரிக்காவின் மூன்றாம் அணியாக லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் உலகப் போட்டிக்குப் போனது. அதன் வீரர்கள் சீனாவிலிருந்து பெயர்ந்து வந்தவர்கள். விதியை அவர்கள் மீறவில்லை, விதியே இல்லை. அதே ஆண்டில், அந்த விளையாட்டை உருவாக்கிய ரயாட் நிறுவனம் வெளிப் பிராந்திய வீரர்களுக்கு வரம்பு விதித்தது. கவுன்டர்-ஸ்ட்ரைக்கில் அணியின் பெரும்பான்மை வீரர்கள் எந்தப் பிராந்தியத்தவர் என்று பார்ப்பது வழக்கமானது. இரண்டில் எதுவானாலும் பருவம் தொடங்கும் முன்பே எழுத்தில் இருக்க வேண்டும். பாதியில் மாற்றினால் யாருக்கோ சாதகமாக மாற்றியதாகத்தான் பேச்சு எழும்.

கடைசியாக, பலரும் மறந்துவிடும் ஒன்று: விசாவும் பயணத் தடைகளும். 2020-இல் பயணக் கட்டுப்பாடுகளால் வியட்நாமின் இரண்டு அணிகளும் ஷாங்காய்க்குப் போக முடியவில்லை. 24 அணிகளோடு நடந்திருக்க வேண்டிய லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் உலகப் போட்டி 22 அணிகளோடு நடந்தது. 2021-இலும் அவர்களால் வர முடியவில்லை. வர முடியாத அணியின் இடம் அதே பிராந்தியத்தின் அடுத்த அணிக்கா, திறந்த தகுதிச்சுற்றுக்கா, எந்தத் தேதி வரை காத்திருப்பது என்ற மூன்று வரிகளை இடப் பங்கீட்டு விதியோடு சேர்த்தே எழுதிவிட வேண்டும்.