கார்ட்டூனுக்குள்ள பழைய டிவி கேமை எப்படி வைக்கிறது

தென்னாப்பிரிக்கா டர்பன்ல இருக்குற சேட்ஸ்வர்த்ல எங்க வீட்ல கன்சோல்னு யாரும் சொன்னதில்ல, டிவி கேம்தான், அதுவும் 90கள்ல கோல்டன் சைனா, நின்டெண்டோ கம்பெனியோட ஃபேமிகாம் டிவி கேமுக்கு காப்பி மெஷின். இப்ப நெட்ல கார்ட்டூன் போடுற தம்பி தங்கச்சிங்க அந்த கேமெல்லாம் உள்ள வைக்க ஆசைப்படுறாங்க, அவங்களுக்குத்தான் இது.

மாரியோ படத்த எடுத்து ஓரத்துல ஒட்டாதீங்க. அந்த கேம் எப்படி நடந்துக்கும்னு பாருங்க, அத எடுங்க. 1978ல வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸ்ல எதிரிங்க சாகச் சாக மிச்சம் இருக்குறவங்க வேகமா வருவாங்க, ஏன்னா வரைய வேண்டியது குறைஞ்சதும் சிப்புக்கு வேலை கம்மி. இத ஒரு கல்யாண வீட்டுக்குள்ள வச்சுப் பாருங்க, தட்டுல வடை குறையக் குறைய பசங்க வர்ற வேகம் கூடுது, பின்னாடி அந்த கேம் மியூசிக்ல இறங்கி இறங்கி வர்ற நாலு நோட்டு. கேம் பேரே வேணாம். ஆடினவங்களுக்கு உடனே புரியும், ஆடாத ஆயா வடைக்காகவே சிரிப்பாங்க, ரெண்டு பேரும் சிரிச்சாதான் அந்த சீன் சரி.

வரையுறதுக்கு க்ரிட்டாங்கிற சாஃப்ட்வேர் போதும், ஃப்ரீ. ஃபேமிகாம் மாதிரியே கேன்வாஸ் 256க்கு 240 பிக்சல், ஒரு ஸ்ப்ரைட்டுக்கு, அதாவது கேம்ல நகர்ற சின்னப் படத்துண்டுக்கு, மூணு கலர்தான். பெருசாக்கும்போது நியரஸ்ட் நெய்பர்ல, அதாவது பிக்சல் கலர கலக்காம பெருசாக்குற முறையில, சரியா 4 மடங்கு போடுங்க, இல்லன்னா மங்கிரும்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது மினுக்கல். ஃபேமிகாமால ஒரே படுக்கைக் கோட்டுல 8 ஸ்ப்ரைட்டுக்கு மேல காட்ட முடியாது, ஒரு ஸ்ப்ரைட் 8 பிக்சல் அகலம், ஒரு ஆளு 16 பிக்சல் அகலம்னா ரெண்டு ஸ்ப்ரைட் ஆகுது, அப்போ அஞ்சாவது ஆளு வந்தா யாராவது மறையணும், அதான் கேம்ல மாத்தி மாத்தி மறைச்சு மினுக்க விட்டாங்க. காவடி ஊர்வலத்துல அஞ்சு பேர வரிசையா நிக்க வச்சு இதப் பண்ணிப் பாருங்க, அவ்ளோ அழகா வரும். சத்தமும் அப்படித்தான், அந்த மெஷினால ஒரே நேரத்துல சில சத்தம்தான் போட முடியும், அதனால ஜம்ப் சத்தம் வர்ற நேரம் பாட்டுல ஒரு வாத்தியம் காணாமப் போகணும்.

ஹோம்ஸ்டார் ரன்னர் கண்டிப்பா பாருங்க, 2000லயே நெட்ல வந்த கார்ட்டூன். அவங்க விட்லெக்ட்ரிக்ஸ்னு இல்லாத ஒரு கேம் கம்பெனியவே உண்டாக்கி, 2004ல பெசன்ட்ஸ் குவெஸ்ட்னு டைப் பண்ணி ஆடுற கேமையே விட்டாங்க, 80கள்ல சியராங்கிற கம்பெனி விட்ட கேம் மாதிரியே இருக்கும், ஆனா முழுசா அவங்களுது. உங்க கார்ட்டூன் ஆளுங்க ஆடுறதுக்கும் அப்படி ஒரு கேம உண்டாக்குங்க.

அப்லோட் பண்றதுக்கு முன்னாடி கேமே தொடாத ஒருத்தருக்குப் போட்டுக் காட்டுங்க. என்னோட காவடி சீனப் பாத்துட்டு பெரியம்மா "ஏன்டா அந்தப் பையன் மட்டும் மறையுறான்?"னு கேட்டாங்க, அதனால நாலு பேர் மினுக்காம நிக்கிற ரெண்டு செகண்ட முன்னாடி சேர்த்தேன், அதுக்கப்புறம் அஞ்சாவது பையன் வந்து நின்னதும் அவங்களே சிரிச்சிட்டாங்க.