யார் சொல்வதை நம்புவது?

நாவலில் இருவர் ஒரே சம்பவத்தை வேறுவேறாகச் சொன்னால், பொய்யர் யார் என்று உடனே தேடாதீர்கள். இருவரும் ஒத்துப்போகும் இடத்தில் முதலில் பென்சில் கோடு போடுங்கள். கோபிச்செட்டிபாளையம் பக்கத்துக் கிணற்றுப் பங்குத் தகராறு ஒன்றை வைத்துக்கொள்வோம். தன் முறையில் தம்பி மோட்டார் போட்டான் என்கிறார் அண்ணன். அவரே விட்டுக்கொடுத்தார் என்கிறான் தம்பி. அன்றிரவு மோட்டார் ஓடியதை இருவருமே மறுக்கவில்லை. அதுதான் பிடி.

பிறகு சொல்பவர் கண்டது எது, கேட்டது எது, ஊகித்தது எது என்று பிரியுங்கள். அண்ணன் அன்று அந்தியூர்ச் சந்தையில் இருந்தார் என்பது பத்துப் பக்கம் முன்பே போகிறபோக்கில் வந்திருக்கும்! (கெட்டிக்கார எழுத்தாளர்கள் அப்படித்தான் ஒளிப்பார்கள்.)

படர்க்கைக் கதைக்கும் இது உதவும். ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ (1942) நாவலில் வரும் நிலப்பங்குச் சண்டையை நாகம்மாளின் கொழுந்தன் சின்னப்பன் பக்கமிருந்து ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.