சுவர் விரிசல் அஸ்திவாரத்திலிருந்து வந்ததா? நீங்களே பார்த்துக் கண்டுபிடிக்கும் முறை

கோவில்பட்டி, சாத்தூர், விளாத்திகுளம் பக்கம் சித்திரை, வைகாசியில் காட்டுக்குள் நடந்தால் கை நுழையும் அளவுக்கு நிலம் வெடித்துக் கிடக்கும். ஐப்பசி மழை இறங்கியதும் அத்தனை வெடிப்பும் மூடிக்கொள்ளும். கரிசலின் குணம் அது. தண்ணீர் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். அந்த மண்ணில் இரண்டு மூன்று அடிக்குக் கடைக்கால் தோண்டிக் கட்டிய வீடும் கூடவே ஏறி இறங்கும். கோவை, திருப்பூர் வட்டாரத்தில் கரிசல் உள்ள இடங்களிலும் இதே பாடுதான்.

சுவரில் விரிசல் கண்டதும் பலர் முதலில் செய்வது, புட்டி வைத்துப் பெயின்ட் அடிப்பது. தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். மண்ணுக்குள் என்ன நடக்கிறது என்று நமக்குக் காட்டுவது அந்த விரிசல்தான். அதை மூடிவிட்டால் பின்னால் வரும் இன்ஜினியருக்கும் பார்க்க ஒன்றும் இருக்காது. வெயிலில் வாய் பிளந்திருக்கும்போது அடைத்த விரிசல் மழைக்காலத்தில் மூட முயலும். அப்போது புட்டி பிதுங்கிக்கொண்டு வெளியே வரும்.

ஒரு நோட்டு, பென்சில், ஸ்டீல் ஸ்கேல், டார்ச், பழைய ஏடிஎம் கார்டு, தூக்குக்குண்டு, டேப், 10 மீட்டர் டியூப் இருந்தால் போதும். கடைசிப் படிக்கு மட்டும் கண்ணாடித் துண்டும் கொஞ்சம் சிமென்டும் வேண்டும். உதவிக்கு ஓர் ஆள் வேண்டும்.

படி 1: சாதாரண விரிசல்களைக் கழித்துவிடுங்கள்

வீட்டில் காணும் விரிசல்களில் பெரும்பாலானவற்றுக்கும் அஸ்திவாரத்துக்கும் சம்பந்தமே இருக்காது. பூச்சில் வலை போலப் பரவிய மயிரிழை விரிசல், பூச்சு காய்ந்தபோது வந்தது. தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் நேர்கோடாக வந்தால், அது இரண்டு பொருளும் வெயிலுக்கு வேறு வேறு மாதிரி விரிவதால் வருவது. பூசும்போது அங்கே கோழிவலை அடிக்காமல் விட்டிருப்பார்கள். மொட்டை மாடிக்கு நேர் கீழே, தளமும் சுவரும் சேரும் இடத்தில் படுக்கையாக ஓடுவது மாடித் தளம் சூடேறி நீள்வதால். சுவிட்ச் போர்டுக்கு மேலே செங்குத்தாக இருந்தால் வயரிங் குழாய்க்காகச் சுவரை வெட்டிய இடம்.

தூணிலோ பீமிலோ கம்பி ஓடும் போக்கிலேயே விரிசல் விட்டு, துருக்கறை தெரிந்தால் அது கம்பி துருப்பிடித்ததன் அடையாளம். அஸ்திவாரப் பிரச்சினை இல்லைதான், ஆனால் அதையும் உடனே காட்ட வேண்டும்.

படி 2: மூலைவிட்டமாக ஓடும் விரிசலைத் தேடுங்கள்

ஜன்னல், வாசல் நிலை இவற்றின் மூலைகளுக்குப் போங்கள். அங்கிருந்து சாய்வாகக் கிளம்பி மேலேயோ கீழேயோ ஓடும் விரிசல்தான் நாம் தேடுவது. பூசாத சுவராக இருந்தால் அது செங்கல் இணைப்பு வழியே படிப்படியாக இறங்குவது நன்றாகத் தெரியும். அதே இடத்தில் சுவரின் மறுபக்கமும் போய்ப் பாருங்கள். இரண்டு பக்கமும் இருந்தால் பூச்சு மட்டுமல்ல, சுவரே பிளந்திருக்கிறது.

ஏடிஎம் கார்டின் கனம் சுமார் முக்கால் மி.மீ. அது விரிசலுக்குள் நுழையவில்லை என்றால் பதற வேண்டாம். நுழைந்தால் ஸ்கேல் வைத்து மூன்று இடத்தில் அகலத்தை அளந்து எழுதுங்கள்: மேல்முனை, நடு, கீழ்முனை. மேலே அகலமாகவும் கீழே ஒடுங்கியும் இருந்தால் பெரும்பாலும் சுவரின் ஓரம் இறங்குகிறது. கீழே அகலம் என்றால் நடுப்பகுதி இறங்குகிறது. கரிசலில் ஒரு சிக்கல் உண்டு. வீட்டின் நடுவே மண் உப்பி மேலே தள்ளினாலும் மேல்பக்கம்தான் அகலும். வீட்டுக்கு அடியில் நடுவில் இருக்கும் மண் வெயில் படாமல் ஈரமாகவே இருக்கிறது, வெளிச்சுவரை ஒட்டிய மண் மட்டும் கோடையில் காய்ந்து சுருங்குகிறது. அதனால்தான் கரிசல் வீடுகளில் மூலை அறைகள் முதலில் அடிபடுகின்றன.

இப்போது டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து விரிசலின் உள்ளே பாருங்கள். உள்விளிம்பில் பழைய பெயின்ட் இறங்கியிருந்தால், தூசியும் சிலந்தி நூலும் இருந்தால், அது எப்போதோ வந்தது. விளிம்பு கூர்மையாக, சிமென்ட் நிறம் பளிச்சென்று தெரிந்தால் அண்மையில் வந்தது. பழைய பெயின்ட்டும் அதன் நடுவே புதிய பிளவும் சேர்ந்தே தெரிந்தால், நின்றுபோன அசைவு மறுபடி தொடங்கியிருக்கிறது என்று அர்த்தம். விரிசலின் குறுக்கே விரலை ஓட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் முன்னால் தள்ளி நின்றால் அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்; அகலத்தைவிட அதற்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன்.

படி 3: நிலையும் கதவும்

மழைக்காலத்தில் மட்டும் கதவு இறுகினால் பெரும்பாலும் மரம் ஊறியிருக்கும். எல்லாக் காலத்திலும் இடித்தால் நிலையைச் சந்தேகப்படுங்கள். நிலையின் எதிரெதிர் மூலைகளுக்கு டேப் பிடித்து இரண்டு மூலைவிட்டங்களையும் அளங்கள். இரண்டும் சமமாக வர வேண்டும். கதவை மூடிவிட்டு மேல்பக்க இடைவெளியையும் பாருங்கள். ஒரு முனையில் கடுகளவும் மறுமுனையில் விரலளவும் இருந்தால் நிலை கோணியிருக்கிறது.

படி 4: தரை தனி, அஸ்திவாரம் தனி

டைல்ஸ் உள்வாங்கி, ஸ்கர்டிங்குக்கு (சுவரின் அடியில் ஒட்டிய டைல்ஸ் பட்டை) கீழே இடைவெளி விழுந்து, சுவர் மட்டும் ஒரு கீறலும் இல்லாமல் நின்றால் பேஸ்மட்டத்தில், அதாவது தரைக்கு அடியில், கொட்டிய மண்ணைச் சரியாகத் தண்ணீர் விட்டுத் திமிசு போட்டு இறுக்கவில்லை என்பதுதான் காரணமாக இருக்கும். செலவுதான், ஆபத்து குறைவு. சுவரும் தரையும் ஒரே பக்கத்தில் சேர்ந்து கெட்டால்தான் கவலை.

படி 5: டியூப் மட்டம் பிடியுங்கள்

டியூபில் காற்றுக்குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்புங்கள். ஒருவர் ஒரு முனையை வீட்டின் ஒரு மூலையில் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் மறுமுனையோடு ஒவ்வொரு மூலையாகப் போய்த் தண்ணீர் நிற்கும் உயரத்தைச் சுவரில் பென்சிலால் குறிக்க வேண்டும். அந்தக் குறியிலிருந்து லிண்டல் (ஜன்னல், வாசலுக்கு மேலே ஓடும் கான்கிரீட் பட்டை) அடிவரை அளந்து எழுதுங்கள். கட்டும்போதே சில மி.மீ. வித்தியாசம் இருந்திருக்கலாம். ஆனால் ஒரு மூலையை நோக்கி அளவு தொடர்ந்து மாறிக்கொண்டே போய், அந்த மூலையில்தான் சாய்வு விரிசலும் இருக்கிறது என்றால் சந்தேகம் வலுக்கிறது. அந்த மூலையில் சுவர் நேராக நிற்கிறதா என்று தூக்குக்குண்டும் விட்டுப் பாருங்கள்.

படி 6: தண்ணீர் எங்கிருந்து போகிறது?

என் அனுபவத்தில் பாதி விடை இங்கேதான் கிடைக்கும். விரிசல் உள்ள மூலைக்கு வெளியே போய் நில்லுங்கள். மாடித் தண்ணீர்க் குழாய் அங்கே கொட்டுகிறதா? குளியலறைக் கழிவுநீர் போகும் சேம்பர் உடைந்திருக்கிறதா? செப்டிக் டேங்க் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? சம்ப் (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி) வீட்டுச் சுவரை ஒட்டி இருந்தால், இரவில் மோட்டாரையும் வரும் குழாயையும் நிறுத்திவிட்டு நீர்மட்டத்தில் கோடு போடுங்கள். காலையில் மட்டம் இறங்கியிருந்தால் அந்தத் தண்ணீர் உங்கள் கடைக்காலுக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறது.

சுவரை ஒட்டிப் பெரிய மரம் இருந்தால் கோடையில் அது மண்ணின் ஈரத்தை உறிஞ்சும். அதற்காகக் கோடரியை எடுத்துவிடாதீர்கள். கரிசலில் பெரிய மரத்தைத் திடீரென்று வெட்டினால், அது உறிஞ்சிவந்த ஈரம் மண்ணிலேயே தங்கி நிலம் உப்ப ஆரம்பிக்கும். இன்ஜினியரைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். பக்கத்து மனையில் ஆழமாகத் தோண்டுகிறார்களா என்பதையும் பாருங்கள்.

படி 7: கண்ணாடி ஒட்டிக் கண்காணியுங்கள்

விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் குறுக்குக்கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுங்கள். நடுவில் பூச்சைக் கொத்தி, செங்கல் தெரிந்ததும் மெல்லிய கண்ணாடித் துண்டை விரிசலுக்குக் குறுக்கே வைத்து, இரு முனையையும் சிமென்டால் பிடிக்க வையுங்கள். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். மாதம் ஒருமுறை அகலத்தை அளந்து, ஸ்கேலோடு சேர்த்துப் போட்டோ எடுங்கள். ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் முழுதாகப் பார்க்க வேண்டும். வெயிலில் திறந்து மழையில் மூடினால் மண்ணின் ஏற்ற இறக்கம். மூடாமல் அகன்றுகொண்டே போனால் அஸ்திவாரம் இறங்குகிறது.

எப்போது காத்திருக்கக் கூடாது?

விரிசல் 5 மி.மீட்டரைத் தாண்டினாலோ, ஒரு பக்கம் முன்தள்ளினாலோ, சில வாரங்களிலேயே கண்ணுக்குத் தெரிய அகன்றாலோ உடனே ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். தூணில் கான்கிரீட் நொறுங்கி உதிர்ந்தால், சுவர் வெளியே பிதுங்கினால், அந்தப் பக்கத்தில் யாரையும் படுக்க விடாதீர்கள். முதலில் ஆட்களை வெளியே அனுப்புங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

வருகிறவர் பார்த்த மாத்திரத்தில் "அஸ்திவாரத்தையே பலப்படுத்தணும்" என்றால், மண் பரிசோதனை செய்தீர்களா, எந்த மூலை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று கேளுங்கள். உங்கள் நோட்டை அவரிடம் கொடுங்கள். சம்ப் கசிவை அடைத்து, மாடித் தண்ணீரைத் தள்ளி விட்டு, வீட்டைச் சுற்றி வெளிப்பக்கம் சாய்வாக கான்கிரீட் போட்டதிலேயே அசைவு அடங்கிய வீடுகள் உண்டு. அதைச் செய்து பார்த்த பிறகு பெரிய வேலைக்குப் போகலாமா என்றும் கேளுங்கள்.

கரிசலில் இனிமேல்தான் கட்டப்போகிறீர்கள் என்றால், அண்டர் ரீம்டு பைல் பற்றி உங்கள் இன்ஜினியரிடம் விசாரியுங்கள். அடியில் குமிழ் போல அகன்ற இந்தத் தூண்களை நம் நாட்டுக் கரிசலுக்கு ஏற்றபடி வளர்த்தெடுத்தது ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். ஆழமான கரிசலில் பொதுவாக 3.5 மீட்டருக்குக் குறையாமல் இறக்குவார்கள். அந்த ஆழத்தில் வெயிலும் மழையும் மண்ணை அவ்வளவாக அசைப்பதில்லை.